மூணு ஊர், மூணு பாட்டில் தண்ணி

ஏப்ரல் 27, 2025, ஞாயிறு. மடிப்பாக்கம், சென்னை

ஹவுஸ் ஓனர் காலையில மாடிப்படியிலயே நிறுத்தி சொல்லிட்டாரு, ஜூன்லேர்ந்து மூவாயிரம் கூட. போர் தண்ணி மஞ்சளா வருது, குடிக்க சமைக்க எல்லாத்துக்கும் கேன்தான், இதுக்கு மூவாயிரம் கூடவான்னு வாய் வரைக்கும் வந்துச்சு, கேக்கல. எனக்கு ஆபீஸ் மாசத்துக்கு ரெண்டு நாள். இவரு வி.ஆர்.எஸ். வாங்கியாச்சு, பையன் கோயமுத்தூர் ஹாஸ்டல். அப்புறம் எதுக்கு இங்க கிடக்கறோம்னு ராத்திரி சாப்பாட்டு நேரத்துல நான்தான் ஆரம்பிச்சேன். கும்பகோணம்னாங்க அம்மா, தென்காசின்னாரு இவரு. எனக்கு எந்த ஊரும் இல்ல, காரைக்குடில ஃப்ரெண்டு ஒருத்தி இருக்கா, அதனால அதையும் சேத்துக்கிட்டேன், அவ்ளோதான்.

அம்மா ஒரே ஒரு கண்டிஷன் போட்டாங்க. வைகாசி முடியறதுக்குள்ள பால் காய்ச்சணும். "ஆனி அடி எடுக்காதே, கூனி குடி போகாதே", ஆனியிலயும் பங்குனியிலயும் வீடு மாறக்கூடாதாம். அப்புறம் ஆடி, அதுவும் ஆகாது, விட்டா ஆவணிதான். ஆக ஜூன் 14 வரைக்கும்தான் டைம்.

மே 4, ஞாயிறு. காரைக்குடி

கத்திரி இன்னிக்குத்தான் ஆரம்பம், நாங்க வந்து இறங்கினதும் இன்னிக்குத்தான். பதினோரு மணிக்கே ரோட்ல ஆள் இல்ல, நாய் கூட திண்ணைக்கு அடியில.

தெருவெல்லாம் ஸ்கேல் வச்சு கோடு போட்ட மாதிரி நேரா போகுது. செட்டியார் வீடுங்க முன்வாசல் ஒரு தெருவுல, பின்வாசல் அடுத்த தெருவுல, நடுவுல பூராவும் ஒரே வீடு, பாதிக்கு மேல பூட்டுதான். அதுல ஒரு கட்டு வாடகைக்கு கிடைக்குமான்னு ஆசையா கேட்டேன், ஃப்ரெண்டு சிரிச்சா, எத்தனை பங்காளி கையெழுத்து வாங்கணும் தெரியுமா உனக்குன்னு. நமக்கு சுப்பிரமணியபுரம் பக்கம் சாதாரண மாடி வீடுதான். ரெண்டு பெட்ரூம், 9,500. மடிப்பாக்கத்துல நாங்க குடுக்கறதுல பாதி கூட இல்ல.

வீட்டுக்கார ஆச்சி ஒரு சொம்பு தண்ணி குடுத்தாங்க. சம்பை ஊத்து தண்ணின்னு சொல்லும்போதே அவங்களுக்கு ஒரு பெருமை. அம்மா குடிச்சிட்டு ஒண்ணும் சொல்லல, பையிலேர்ந்து காலி பாட்டில எடுத்து நீட்டி "இதுல கொஞ்சம் பிடிச்சு குடுங்கம்மா"ன்னாங்க. எனக்கு மானம் போச்சு.

மே 5, திங்கள்

விஷயம் இப்பதான் புரிஞ்சுது. வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒரு ஆழாக்கு துவரம்பருப்பு அளந்து, குக்கர் வேணாம்னு திறந்த பாத்திரத்துல அந்தத் தண்ணிய ஊத்தி அடுப்புல வச்சாங்க. இருபத்திரண்டு நிமிஷம். கரண்டியால தொட்டாலே மசியுது. பக்கத்து அடுப்புல எங்க போர் தண்ணி, அதே டப்பா பருப்பு, முக்கா மணி ஆகியும் நடுவுல வெள்ளையா முழிச்சிட்டு நிக்குது. கடினத்தண்ணில இருக்கற கால்சியம் பருப்பை இறுக்கி வேக விடாதுன்னு நான் படிச்ச கெமிஸ்ட்ரிய எடுத்து விட்டேன். "நான் படிக்காமலே சொல்றேனே"ன்னாங்க.

மே 18, ஞாயிறு. கும்பகோணம்

அம்மாவுக்கு வலங்கைமான் பக்கம். பஸ் ஸ்டாண்ட்ல இறங்கினதுலேர்ந்து கையைக் காட்டிக்கிட்டே வராங்க, இங்க பாத்திரக்கடை இருந்துது, அங்க டாக்டர் வீடு இருந்துதுன்னு. காபி பத்தி எழுத வேண்டியதே இல்ல, ரெண்டு தடவை குடிச்சேன்.

ஆனா இன்னிக்கு முகூர்த்த நாளோ என்னவோ, பெரிய தெருவுல ஆட்டோ நகரவே இல்ல. நவக்கிரக டூர் வேனுங்க வேற, ஒண்ணு போனா ஒண்ணு. பார்த்த வீடு சந்துக்குள்ள, நீளமா, வெளிச்சம் முத்தத்துல மட்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு கொசு வந்துது பாருங்க, இவரு கைக்குட்டையால கால அடிச்சுக்கிட்டே அட்வான்ஸ் பேசறாரு. 2028ல மகாமகம் வேற வருது, அதுக்கு முன்னாடி ரோடெல்லாம் தோண்டுவாங்கன்னு ஓனரே சொல்றாரு. எனக்கு என்ன தோணுச்சுன்னா இது வந்துட்டு போறவங்களுக்காக நடக்கற ஊர், நாலு நாள் இருந்தா அமிர்தம், நாலு வருஷம்னா யோசிக்கணும். அம்மாகிட்ட சொல்லல.

பருப்பு: முப்பத்தொண்ணு நிமிஷம். "போர் கலந்திருப்பாங்க"ன்னு அம்மா ஊருக்கு வக்காலத்து.

ஜூன் 1, ஞாயிறு. தென்காசி

இந்த வருஷம் மழை கேரளாவுக்கு மே 24ஏ வந்துடுச்சு, அதனால சாரல் சீக்கிரமே. கோயில் வாசல்ல நின்னா காத்து ஆளையே தள்ளுது, செங்கோட்டை கணவாய் வழியா வர்ற காத்து. இவரு முகத்தைப் பார்க்கணுமே, இருபது வயசு குறைஞ்ச மாதிரி. பொதிகை எக்ஸ்பிரஸ்ல சாயங்காலம் ஏறினா விடிகாலை எழும்பூர், எனக்கும் ஆபீஸ் கவலை இல்ல. மத்தளம்பாறைல ஜோஹோ ஆபீஸ் வந்து வருஷக்கணக்காச்சு, அதனால வீட்லேர்ந்து கம்ப்யூட்டர் வேலைன்னு சொன்னா யாரும் முழிக்கறதில்ல. பிரானூர் பார்டர்ல பரோட்டாவும் சாப்பிட்டாச்சு. முடிவே பண்ணிட்டேன் மனசுக்குள்ள.

கெடுத்தது புரோக்கர் தம்பிதான். "இந்தச் சாரலுக்குத்தானக்கா எல்லாரும் வாராவ. பங்குனில வந்து பாருங்க, காத்தும் இருக்காது ஒண்ணும் இருக்காது, வெயிலு பொளந்துரும்"னு சொல்லிட்டு நிம்மதியா டீய உறிஞ்சுறான். கமிஷன் வாங்கப் போறவன் இப்படி சொல்லுவானா! லாட்ஜ்ல நேத்து துவைச்சுப் போட்ட துண்டு இன்னும் பிழிஞ்சா சொட்டுது.

ஜூன் 3, செவ்வாய்

தென்காசி தண்ணி பத்தொன்பது நிமிஷம். ஜெயிச்சது அதுதான், சந்தேகமே இல்ல.

ஆனா நேத்து ராத்திரி தூக்கம் வராம யோசிச்சேன். தென்காசிய அதோட நல்ல நாள்ல பார்த்திருக்கேன், காரைக்குடிய அதோட மோசமான நாள்ல. கத்திரி முதல் நாள் மத்தியானம் அந்த மாடி வீட்ல உக்காந்து பேசிட்டுத்தான் வந்தோம், ஒண்ணும் செத்துப் போகல. இதுக்கு மேல அது என்ன காட்டிடும்? ஆஸ்பத்திரி கணக்கும் போட்டுப் பார்த்தேன், பெரிசா ஒண்ணுன்னா தென்காசிலேர்ந்து திருநெல்வேலி, காரைக்குடிலேர்ந்து சிவகங்கை இல்ல மதுரை, ரெண்டு பக்கமும் ஓட்டம்தான். ரயில் மட்டும் காரைக்குடிக்கு ஒரு மாத்து குறைவு. பல்லவன் காலையில கிளம்பி எழும்பூர் போய்ச் சேர மத்தியானம் ஆயிடும், அதுல போய் என்ன மீட்டிங். ராத்திரி சேதுல டிக்கெட் கிடைச்சா உண்டு.

இவருகிட்ட சொன்னேன். ரெண்டு மணி நேரம் பேசல. அப்புறம் "சீசனுக்கு வருஷா வருஷம் பத்து நாள் தென்காசி"ன்னு எழுதி வாங்காத குறையா சத்தியம் வாங்கிக்கிட்டாரு.

ஜூன் 12, வியாழன். காரைக்குடி

பால் காய்ச்சியாச்சு. ஆச்சி வெள்ளைப் பணியாரம் சுட்டு எடுத்துட்டு வந்தாங்க, கூடவே மிளகாய்த் துவையல். எந்தக் குழாய் போர், எந்தக் குழாய் நல்ல தண்ணின்னு காட்டினாங்க. நல்ல தண்ணிக் குழாய்ல ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கு.

மத்தியானம் டிவில மேட்டூர் திறந்ததைக் காட்டினாங்க. அம்மா பருப்பை அடுப்புல வச்சுட்டு அப்படியே வந்து உக்காந்து பார்த்தாங்க, தண்ணி மதகுல வெள்ளையா விழுது, பூ தூவறாங்க. "கல்லணைக்கு மூணு நாள்ல வந்துடும், வலங்கைமானுக்கு எப்ப வருமோ"ன்னு சொல்லிட்டு முந்தானைய சரி பண்ணிக்கிட்டாங்க. உள்ள பருப்பு பொங்கி அடுப்பு பூரா வழிஞ்சு கிடக்கு, புது வீட்டு அடுப்பு, நான்தான் துடைச்சேன்.