முருங்கைக்கீரையில இருக்கறதும் நம்ம உடம்புக்குப் போறதும்

முருங்கை இலைய பச்சையா ஒரு கொத்து வாயில போட்டு மென்னு பாருங்க, லேசா கடுகு மாதிரி காரம் ஏறும். முருங்கையும் கடுகும் முள்ளங்கியும் தூரத்து சொந்தம், அதான். இலைக்குள்ள குளுகோசினோலேட்னு ஒரு பொருளும் மைரோசினேஸ்னு ஒரு என்சைமும் தனித்தனி இடத்துல இருக்கும், இலை கசங்கினாதான் ரெண்டும் சேந்து ஐசோதயோசயனேட்ங்கற காரப்பொருள் உருவாகும், பூச்சியை விரட்ட மரம் வச்சிருக்கற ஏற்பாடு இது. கொதிக்கிற தண்ணில போட்டா அந்த என்சைம் செத்துடும், அதனாலதான் பொரியல்ல அந்தக் காரம் தெரியறதில்ல.

ஆனா எல்லாரும் பேசறது ஃபிளேவனாய்ட் பத்திதான், செடிகள்ல இருக்கற ஒரு வகை வேதிப்பொருள் அது. முருங்கை இலைல முக்கியமா குவர்செடின், கேம்ப்ஃபெரால் ரெண்டும் சர்க்கரையோட ஒட்டிக்கிட்டு இருக்கும், கூடவே குளோரோஜெனிக் ஆசிட், அது காபிக்கொட்டைலயும் உண்டு. வெயில்ல வர்ற புற ஊதாக் கதிரை இலையோட மேல்தோல்லயே தடுத்து நிறுத்தறதுக்கு ஃபிளேவனாய்ட் உதவுது. நமக்கு மருந்தாகணும்னு மரம் அதைச் செய்யல.

பி.பார்ம் படிக்கும்போது லேப்ல ஃபிளேவனாய்ட் இருக்கான்னு பாக்கற ஷினோடா டெஸ்ட் செஞ்சோம். காஞ்ச இலைப்பொடிய மொதல்ல பெட்ரோலியம் ஈதர்ல அலசி பச்சைய எடுத்துட்டு, ஆல்கஹால்ல ஊறவச்சு வடிகட்டி, அதுல ஒரு துணுக்கு மெக்னீசியம் போட்டு அடர் ஹைட்ரோகுளோரிக் ஆசிட சொட்டு சொட்டா விடணும், புசுபுசுன்னு நுரைச்சு அடங்கும்போது மெதுவா ரோஸ் கலர் ஏறும். எனக்கு இன்னிக்கும் அது ரொம்பப் பிடிச்ச காட்சி. ஆனா அந்தக் கலர் ஃபிளேவனாய்ட் இருக்குன்னு மட்டும்தான் சொல்லும், நோய் தீரும்னு சொல்லாது.

இங்கதான் எனக்குக் கோவம் வருது. டெஸ்ட் ட்யூப்ல ஆன்டிஆக்சிடன்ட்னு வந்த ரிசல்ட்ட வச்சு முருங்கை கேப்சூல் டப்பால சுகர் தீரும் பிபி தீரும்னு அடிச்சு விடறாங்க, நம்ம சித்தப்பா பெரியம்மா எல்லாம் அதை நம்பி டாக்டர் குடுத்த மாத்திரைய நிறுத்திடறாங்க. நாம சாப்பிடற குவர்செடின்ல கொஞ்சம்தான் ரத்தத்துக்குள்ள போகும், போறதையும் குடலும் கல்லீரலும் வேற உருவத்துக்கு மாத்திடும், மிச்சம் பெருங்குடல் பாக்டீரியாகிட்ட போயிடும். 1936ல ஹங்கேரி விஞ்ஞானி சென்ட் ஜியார்ஜி இந்த ஃபிளேவனாய்ட் பொருட்களுக்கு வைட்டமின் பி (P)னு பேரு வச்சாரு, வைட்டமின் சி ஆராய்ச்சியும் சேந்து 1937ல நோபல் வாங்கின ஆளு அவரு, ஆனா இது இல்லாம போனா வர்ற குறைநோய்னு ஒண்ணு நிரூபணமாகாததால அந்தப் பேரு நிலைக்கல. அவ்ளோ பெரிய மனுஷன் சொன்னதையே சோதிச்சுப் பாத்துதான் கைவிட்டாங்க, டப்பா மேல அச்சடிச்சத மட்டும் ஏன் அப்படியே நம்பணும்?

சுகர் மாத்திரை எடுக்கறவங்க முருங்கைப் பொடியோ கேப்சூலோ கூட சேத்து எடுக்கறதா இருந்தா டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க, சர்க்கரை ரொம்ப இறங்கிடவும் வாய்ப்பு இருக்கு. வாரத்துல ரெண்டு நாள் கீரையா சாப்பிடறது வேற விஷயம், அதுல புரதம், கால்சியம், பீட்டா கரோட்டின் எல்லாம் இருக்கு, தாராளமா சாப்பிடலாம்.

காம்புலேர்ந்து இலைய உருவ சோம்பலா இருந்தா கொத்த ராத்திரி துணில சுத்தி வைங்க, காலைல உதறினா இலை தானா உதிரும். வேகவச்ச தண்ணிய மட்டும் கொட்டிடாதீங்க, ஃபிளேவனாய்ட்ல ஒரு பங்கு அதுல இறங்கியிருக்கும், ரசத்துலயோ சாம்பார்லயோ ஊத்திடுங்க. இரும்புச்சத்துக்காக சாப்பிடறவங்க அடுப்ப அணைச்சப்புறம் அரை எலுமிச்சம்பழம் பிழிஞ்சுக்கோங்க, ஏன்னா கீரைல இருக்கற பாலிஃபீனாலே (ஃபிளேவனாய்டும் குளோரோஜெனிக் ஆசிடும் சேர்ந்த குடும்பம்) இரும்ப இழுத்துப் பிடிச்சுக்கும், எலுமிச்சைல இருக்கற வைட்டமின் சி அத விடுவிச்சு உடம்புல சேர உதவும். சாப்பிட்ட கையோட டீ மட்டும் குடிக்காதீங்க, அதுவும் இரும்பத் தடுக்கும்.