ஒன்பதாவது படி

ஏப்ரல் 11, 2024, வியாழன்

ரம்ஜான் விடுமுறை, லேபில் ஆளே இல்லை. காலையில் என் ஆய்வு வழிகாட்டி மேடம் ஒரு பிடிஎஃப் அனுப்பியிருந்தார், கீழே ஒரே வரி: "படிச்சிட்டு வாப்பா, பேசணும்." சிங்ஹுவா பல்கலைக்கழகத்தின் யிலெய் சென் நேற்று இபிரிண்டில் (குறியாக்கவியல் கட்டுரைகளை இதழில் வருமுன்பே ஏற்றும் இணையதளம்) ஏற்றிய கட்டுரை. லாட்டிஸ் கணக்குகளை (பல பரிமாணத்தில் ஒழுங்காக அடுக்கிய புள்ளிகளைப் பற்றியவை, புதிய குறியாக்கப் பூட்டுகள் பல இவற்றின் மேல்தான் நிற்கின்றன) குவாண்டம் கணினியால் பாலினாமியல் நேரத்தில், அதாவது கணக்கு பெரிதானாலும் கட்டுக்குள் இருக்கும் நேரத்தில், தீர்க்க முடியும் என்கிறார். சுருக்கத்தைப் படித்து முடித்ததும் எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

ஏன் இவ்வளவு கலக்கம் என்றால், என் ஆய்வு முழுக்க எல்.டபிள்யூ.இ. (Learning With Errors) என்ற ஒரே லாட்டிஸ் கணக்கின் மேல் நிற்கிறது. பத்தாம் வகுப்பில் படித்த ஒருங்கமை நேரியல் சமன்பாடுகள்தான் அது, மாறிகள் சில நூறிலிருந்து பல்லாயிரம்வரை, எல்லாம் ஒரு மாடுலஸுக்குள், அதாவது ஒரு குறிப்பிட்ட எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்வோம். பன்னிரண்டாம் வகுப்பில் வந்த காஸியன் நீக்கல் முறையைப் போட்டால் கணினி கண் இமைக்கும் நேரத்தில் தீர்த்துவிடும். ஆனால் ஒவ்வொரு சமன்பாட்டின் விடையிலும் சின்னதாக ஒரு பிழையைக் கலந்துவிட்டால் நீக்க நீக்க அந்தப் பிழை பெருத்து, கடைசியில் கையில் வெறும் குப்பைதான் மிஞ்சும். 2005இல் ஓடெட் ரெகெவ் இதை அறிமுகப்படுத்தினார். அதிலிருந்து இன்றுவரை சாதாரணக் கணினியிலோ குவாண்டம் கணினியிலோ இதை வேகமாகத் தீர்க்கும் வழியை யாரும் காட்டவில்லை. அதாவது நேற்று வரை.

மதியம் திருவல்லிக்கேணி நண்பன் பிரியாணி கொண்டு வந்தான். சாப்பிடும்போதும் இதே பேச்சு.

ஏப்ரல் 12, வெள்ளி

'இன்டர்நெட் பாதுகாப்பு காலி' என்று வீடியோக்கள் வர ஆரம்பித்துவிட்டன. கட்டுரையின் முதல் பக்கத்தைத் திறந்திருந்தாலே இப்படிப் பேச முடியாது. சென்னின் முறை எல்லா எல்.டபிள்யூ.இ.க்கும் பொருந்தாது, பிழையோடு ஒப்பிட்டால் மாடுலஸ் ரொம்பப் பெரிதாக இருக்க வேண்டும். குவாண்டம் கணினியையும் தாங்க வேண்டுமென்று இதே கணக்கின் மேல் கட்டிய கைபர் என்ற பூட்டில் மாடுலஸ் வெறும் 3329, அதற்கு இந்த முறை எட்டாது என்று அவரே எழுதியிருக்கிறார். சிக்னல் செயலி போன செப்டம்பரிலும் ஆப்பிளின் ஐமெசேஜ் இந்தப் பிப்ரவரியிலும் அறிவித்த ஏற்பாடுகளில் கைபரோடு, லாட்டிஸைச் சாராத பழைய எலிப்டிக் கர்வ் பூட்டும் சேர்ந்தே இருக்கிறது. பெரிய குவாண்டம் கணினி வரும்வரையாவது ஒன்று போனாலும் இன்னொன்று காக்கும்.

மாட்டிக்கொண்டது எங்களைப் போன்றவர்கள்தான். நாங்கள் வேலை செய்யும் ஹோமோமார்பிக் என்கிரிப்ஷன் என்பது பூட்டிய தரவைத் திறக்காமலே அதன் மேல் கணக்குப் போடும் வித்தை. 2009இல் கிரெய்க் ஜென்ட்ரி முதலில் செய்து காட்டினார், 2011இல் பிராகெர்ஸ்கியும் வினோத் வைகுந்தநாதனும் (ஐஐடி மெட்ராஸில் படித்தவர்) அதை எல்.டபிள்யூ.இ. மேல் கட்டினார்கள். இதில் ஒவ்வொரு பெருக்கலுக்கும் பிழை வளரும். அது வளர இடம் விட வேண்டும் என்பதால் மாடுலஸைப் பெரிதாக வைக்கிறோம். பரிமாணம் (மாறிகளின் எண்ணிக்கை) 32768 என்றால் 128 பிட் பாதுகாப்புக்கு (உடைக்கச் சுமார் 2^128 முயற்சி வேண்டும்) மாடுலஸ் 881 பிட் (இரும இலக்கம்) வரை போகலாம் என்று இத்துறையில் எல்லோரும் பார்க்கும் அட்டவணை சொல்கிறது. சென் சொல்வது சரியென்றால் இந்த அட்டவணையைக் குவாண்டம் கணினி வராத உலகத்துக்கு மட்டும்தான் வைத்துக்கொள்ளலாம்.

ஏப்ரல் 14, ஞாயிறு

புத்தாண்டு. மெஸ்ஸில் வடை, பாயசம், பேருக்கு ஒரு மாங்காய்ப் பச்சடி. மற்ற நேரமெல்லாம் சென் கட்டுரையின் மூன்றாம் பகுதியோடு போனது. கௌசியன் சார்புகளை (மணி வடிவ வளைவுகள்) லாட்டிஸில் எல்லோரும் பயன்படுத்துகிறோம், சென் அதன் பரவற்படியையே (வளைவு எவ்வளவு விரிந்தது என்ற அளவு) கலப்பெண்ணாக்கிவிட்டார். அதற்கு ஃபூரியே மாற்றம் (அலைகளாகப் பிரித்துப் பார்க்கும் முறை) எடுத்தால் கிடைக்கும் விசித்திர வடிவத்துக்கு கார்ஸ்ட் அலை என்று பெயரும் வைத்திருக்கிறார். மொத்தம் ஒன்பது படிகள். முதல் எட்டில் கண்டுபிடிக்க வேண்டிய ரகசிய விடை குவாண்டம் நிலைகளுக்குள் புகுந்து உருமாறிக்கொண்டே வந்து, ஒன்பதாவதில் பிழையே இல்லாத சாதாரண நேரியல் சமன்பாடுகளாக வெளியே வருகிறது, அப்புறம் காஸியன் நீக்கல். பள்ளிக்கூடத்து முறை வேலை செய்யக் கூடாது என்பதற்காகத்தானே பிழையைக் கலந்தோம், மனிதர் இவ்வளவு தூரம் சுற்றி வந்து கடைசியில் அதையே போடுகிறார். எரிச்சலாகவும் இருந்தது, ரசிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

ஏப்ரல் 16, செவ்வாய்

மேடத்தோடு இரண்டு மணி நேரம். ஐந்தாவது படிவரை எனக்கு விளங்கிவிட்டது என்று தைரியமாகச் சொன்னேன். "போர்டுல எழுது" என்றார். நாலாவதிலேயே அவர் கேட்ட கேள்விக்கு அரைகுறையாகத்தான் பதில் வந்தது. எனக்கென்று இல்லை, குவாண்டம் தெரிந்தவர்களுக்கு லாட்டிஸ் தெரிவதில்லை, லாட்டிஸ்காரர்களுக்குக் குவாண்டம் அவ்வளவாக ஓடாது. இரண்டும் தெரிந்த கொஞ்சப் பேர்தான் உலகம் முழுக்க இந்த வாரம் தூங்காமல் இருக்கிறார்கள்.

தப்பாகத்தான் இருக்கும் என்று நம்புகிறீர்களா மேடம் என்று கேட்டேன். அவர் 2022ஐ ஞாபகப்படுத்தினார். சைக் என்ற குறியாக்க முறை, அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் குவாண்டம் கணினியைத் தாங்கும் முறைகளுக்கு நடத்திய தேர்வில் நாலாவது சுற்றுவரை வந்தது. அந்த ஜூலையில் காஸ்ட்ரிக், டெக்ரு என்ற இருவர் 1997இல் வந்த ஒரு கணிதத் தேற்றத்தை எடுத்துப் பொருத்தி, ஒரே ஒரு பிராசசர் கோர் கொண்டு சுமார் ஒரு மணி நேரத்தில் அதை உடைத்தார்கள், அதுவும் சாதாரணக் கணினியில். "அதுக்கு முந்தின வாரம் யாராவது சொல்லியிருந்தா நானும் சிரிச்சிருப்பேன்" என்றார். கடினம் என்று நாம் சொல்வதற்கு நிரூபணம் கிடையாது. ரெகெவ் கொடுத்ததுகூட எல்.டபிள்யூ.இ.யை உடைத்தால் இன்னொரு பழைய லாட்டிஸ் கணக்கும் உடையும் என்ற சங்கிலிதான். அந்தச் சங்கிலியைப் பிடித்துத்தான் சென் அந்தப் பழைய கணக்கும் விழுந்தது என்கிறார்.

ஆய்வேட்டைத் தள்ளிப்போடவா என்று கேட்டேன். "அட்டவணை வேலைய நிறுத்தாத, இதையும் படி." அவ்வளவுதான் பதில்.

ஏப்ரல் 18, வியாழன் இரவு

நாளை ஓட்டுப்பதிவு. கிளாம்பாக்கத்தில் கால் வைக்க இடமில்லை, தென்மாவட்டம் மொத்தமும் இன்றிரவே ஊருக்குக் கிளம்பிவிட்ட மாதிரி கூட்டம். விருதுநகர் பஸ்ஸில் கடைசி வரிசைதான் கிடைத்தது. எட்டாவது படியைப் போனில் பெரிதாக்கிப் படிக்கப் பார்த்தேன், செங்கல்பட்டு தாண்டுவதற்குள் தலை சுற்றியது. மூடி வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 19, வெள்ளி

வரிசையில் நிற்கும்போது லேப் குரூப்பில் செய்தி. கட்டுரையின் முதல் பக்கத்தில் சென்னே குறிப்பு போட்டுவிட்டார்: ஒன்பதாவது படியில் பிழை இருக்கிறது, எப்படிச் சரிசெய்வது என்று எனக்குத் தெரியவில்லை, விவரம் 37ஆம் பக்கத்தில். கண்டுபிடித்தவர்கள் ஹோங்சுன் வூ, அவரோடு தொடர்பில்லாமல் தனியாகத் தாமஸ் விடிக். இருவருக்கும் நன்றி சொல்லியிருக்கிறார். சாக்கு இல்லை, சமாளிப்பு இல்லை, பாலினாமியல் நேரத்தில் தீர்க்கலாம் என்று சொன்னது இனி நிற்காது என்று நேராக எழுதியிருக்கிறார். மீதிப் பக்கங்களை அப்படியே விட்டிருக்கிறார், அந்த யோசனைகள் வேறு எதற்காவது உதவலாம் என்ற நம்பிக்கையில். இந்தத் துறையில் இப்படி ஒரு குறிப்பை எழுதப் பெரிய மனசு வேண்டும். போன வாரம் 'காலி' என்று கத்திய சேனல்களைப் போய்ப் பார்த்தேன், ஒருவரும் மூச்சு விடவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். "அப்ப உன் படிப்புக்கு ஒண்ணும் ஆகலேல்ல?" ஆகலம்மா. "பிறகென்ன, மை காயுறதுக்குள்ள கைய எங்கயும் தேச்சுப்புடாத."

நிம்மதியோடு கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது என்று எழுதினால் லேபில் அடிப்பார்கள். இருந்தது. இவ்வளவு அழகான முறை கடைசிப் படியில் விழுந்தது, அந்தப் படியை நான் இன்னும் எட்டக்கூட இல்லை.

ஏப்ரல் 22, திங்கள்

லேபில் எல்லோரும் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கிறார்கள். மேடம் அப்படி விடவில்லை. ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில் 'எல்.டபிள்யூ.இ. கடினம் என்று கருதுகிறோம்' என்று ஒரே வரியில் கடந்து போயிருந்தேன். அதை விரித்து எழுதச் சொல்கிறார். 1982இல் வந்த எல்.எல்.எல். என்ற லாட்டிஸ் முறையிலிருந்து தொடங்கி எந்தத் தாக்குதல் எதுவரை எட்டுகிறது, எந்த மாடுலஸ் எந்தப் பிழை அளவோடு பத்திரம் என்று அட்டவணையோடு நாலு பக்கம். பெரிய மாடுலஸ் சிறிய மாடுலஸைவிடப் பலவீனமான இடத்தில் நிற்கிறது என்பது முன்பே தெரிந்ததுதான், அதை வெளிப்படையாக எழுதாமல் கடப்பது எங்கள் துறையின் பழக்கம், எனக்கும் தொற்றியிருந்தது.

சென்னின் கட்டுரையைக் குறிப்பிடுவதா வேண்டாமா என்று கொஞ்சம் வாதம். செல்லாத முடிவுக்கு ஏன் இடம் என்றேன். கலப்பெண் கௌசியன் செல்லும், முடிவுதான் செல்லாது என்றார் மேடம். சரி, ஒரு அடிக்குறிப்பு. வியாழக்கிழமை குழுக் கூட்டத்தில் எட்டாவது படிவரை நான் விளக்க வேண்டுமாம். ஸ்லைடு இன்னும் தொடங்கவில்லை, நாலாவது படிக்கு இந்த முறையாவது ஒழுங்கான பதில் வேண்டும்.