அடித்ததா, ஊற்றியதா?

150 வெள்ளி கொடுத்து ஒரு பழைய போலீஸ் பேட்ஜ் வாங்கி ஏமாந்த கதை இது. வெள்ளி என்றால் ரிங்கிட், தமிழ்நாட்டிலிருந்து படிக்கிறவர்கள் உலோகத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். உலோகம் வெறும் பித்தளைதான்.

பினாங்கில் பழைய பொருள் விற்கும் ஓர் அண்ணன், கடை எது என்பதெல்லாம் வேண்டாம், ஒரு தொப்பி பேட்ஜைத் துணியில் சுற்றி எடுத்து வந்து காட்டினார். ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சேர்ந்த பழைய பிரிட்டிஷ் காலனி) போலீஸ் என்று ஆங்கிலத்தில் எழுத்து, மேலே ராஜா கிரீடம், இடுக்கெல்லாம் பச்சைக் களிம்பு. "என் மாமனார் அந்தக் காலத்து மாத்தா, தம்பி. ஜப்பான்காரன் வந்தப்போ பயந்து கிணத்துல போட்டுட்டாரு, சண்டை முடிஞ்சதும் அவரே இறங்கி எடுத்தாரு" என்றார். மாத்தா என்றால் இங்கே போலீஸ்காரர். 1941 டிசம்பரில் பினாங்கு ஜப்பானியர் கைக்குப் போனது எல்லாருக்கும் தெரிந்த கதைதானே, கிணறும் களிம்பும் ஒன்றோடொன்று அழகாகப் பொருந்த, நான் பேரம்கூடப் பேசவில்லை. உண்மையில் நான் வாங்கியது அந்தக் கிணற்றைத்தான்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாளில், பேட்ஜைத் தொப்பியில் மாட்டுகிற பின்பக்க வளையம் ஒன்று ஆடியது. லிட்டில் இந்தியாவில் எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமான பத்தர் ஒருவர் இருக்கிறார், பற்றவைத்துத் தாருங்கள் மாமா என்று நீட்டினேன். அவர் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பிப் பார்த்தார், நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டினார். "தம்பி, இது அடிச்சது இல்ல. ஊத்துனது."

அன்றைக்குத்தான் எனக்குப் பாடம் ஆரம்பித்தது என்று சொல்ல வேண்டும். பழைய சிப்பாய் பேட்ஜ்களில் பெரும்பாலானவை அச்சில் அடித்தவை. மெல்லிய பித்தளைத் தகட்டை எஃகு அச்சுகளுக்கு நடுவில் வைத்து அழுத்துவார்கள், அதனால் முன்னால் மேடாக இருக்கிற இடம் பின்னால் பள்ளமாக இருக்கும், எழுத்தின் ஓரம் கத்தி மாதிரி நிற்கும், கிரீடத்தின் வளைவுகளுக்கு இடையே உள்ள ஓட்டைகள் சுத்தமாக வெட்டுப்பட்டிருக்கும். போலி செய்கிறவனுக்கு அச்சு வெட்டக் கட்டுபடியாகாது. அசல் ஒன்றை எடுத்து மணலிலோ ரப்பரிலோ பதித்து, உருக்கிய உலோகத்தை ஊற்றி எடுத்துவிடுவான். ஊற்றியதில் எழுத்தின் மூலைகள் மழுங்கியிருக்கும், லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஊசி குத்தினாற்போல் சின்னச் சின்னப் பொத்தல்கள் தெரியும், ஓட்டைகளுக்குள் பிசிறும் அரம் போட்ட கோடுகளும் இருக்கும். இன்னொன்று, உலோகம் ஆறும்போது சுருங்கும். பித்தளை ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்றரை பங்கு சுருங்கும் என்பதால், 50 மில்லிமீட்டர் அசலிலிருந்து வார்த்த நகல் முக்கால் மில்லிமீட்டர் குறைந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, வெர்னியர் காலிப்பருக்குத் தெரியும். இப்போது என் சட்டைப் பையில் ஒன்று எப்போதும் இருக்கிறது, மனைவி கேலி செய்வாள்.

பின்பக்கம் தட்டையாக இருந்தாலே போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கனமாக, முழுக்கட்டியாகச் செய்த அசல்களும் உண்டு, அதிகாரிகளுக்கான வெள்ளி பேட்ஜ்களின் வேலைப்பாடே வேறு. அங்கே வளையத்தைப் பாருங்கள். பழைய வேலையில் செம்பு வளையத்தின் கால் தகட்டோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும், பற்றுப்பொடி வைத்துப் பற்றவைத்த இடம் அடக்கமாக இருக்கும். என்னுடையதில் ஈயம் மூக்குச்சளி மாதிரி திரண்டு நின்றது. பத்தர் மாமா சொன்ன உவமை இது, நான் நாகரிகமாக மாற்றப் பார்த்தேன், வேறு எதுவும் பொருந்தவில்லை.

காந்தம் வைத்துப் பார் என்று எல்லாரும் சொல்வார்கள். இரும்புக்கு முலாம் பூசியதை மட்டும்தான் அது பிடித்துக்கொடுக்கும். பித்தளையும் ஒட்டாது, ஜெர்மன் சில்வர் என்கிற செம்பு, நிக்கல் கலவையும் ஒட்டாது, இப்போது வருகிற மட்டமான துத்தநாகக் கலவையும் ஒட்டாது.

தேய்மானம்தான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். நம் வீட்டுக் குத்துவிளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அம்மா வாராவாரம் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து அன்னத்தின் கொண்டை வழவழவென்று ஆகிவிடும், ஆனால் இறக்கைக்கு அடியில் கை போகாத கோடுகள் நேற்று வெட்டியது மாதிரியே இருக்கும். பேட்ஜும் அப்படித்தான். சிப்பாய் தினமும் பிராஸோ போட்டு மினுக்கினால் மேடு தேயும், பள்ளம் கூர்மையாகவே இருக்கும், பள்ளத்தில் பழைய பாலிஷ் காய்ந்து வெள்ளையாக அடைந்திருக்கும். ஊற்றியதில் மேடும் பள்ளமும் ஒரே மாதிரி மொழுக்கென்று இருக்கும், ஏனென்றால் அது தேய்ந்ததல்ல, பிறக்கும்போதே அப்படி. களிம்பை மட்டும் நம்பவே கூடாது. அமிலம் தடவி ஈரமண்ணில் புதைத்தால் சில வாரத்தில் பச்சை ஏறும். கிணறு தேவையில்லை.

அப்புறம் கிரீடம். 1952 வரையில் இருந்த ராஜாக்கள் காலத்துக் கிரீடம் கவிழ்த்த கிண்ணம் போல உருண்டு எழும்பும். எலிசபெத் ராணி தேர்ந்தெடுத்ததில் நடுவில் பள்ளம் விழுந்து இரண்டு தோளும் தூக்கி நிற்கும். விக்டோரியா ராணி காலத்தது இரண்டிலும் சேராது, அதைத் தனியாகப் படித்துக்கொள்ள வேண்டும். இதோடு ஊர்ப்பெயரையும் சேர்த்துப் படியுங்கள். ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ் 1946-இல் கலைந்துவிட்டது, ஆகவே அந்தப் பெயரும் எலிசபெத் கிரீடமும் ஒரே பேட்ஜில் இருந்தால் விலையே கேட்காமல் நடையைக் கட்டலாம். மலாயாப் போலீசுக்கு 'ராயல்' பட்டம் கிடைத்தது 1958 ஜூலையில், அதை நம் நாட்டுப் பேரரசர்தான் வழங்கினார், பிரிட்டிஷ் ராஜா அல்ல. இரண்டையும் குழப்பி, ராஜா கிரீடத்துக்குக் கீழே 'ராயல்' என்று எழுதிய ஒன்றை ஒருவர் பெருமையாகக் காட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை, அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு எச்சரிக்கை, ராஜா செத்த மறுநாளே ஸ்டோரில் இருந்த பேட்ஜ்களை யாரும் கொட்டிவிடுவதில்லை. கிரீடம் எப்போது செய்தது என்று சொல்லும், எதுவரை அணிந்தார்கள் என்று சொல்லாது. சார்ல்ஸ் ராஜா 2022-இல் மறுபடியும் உருண்ட கிரீடத்துக்கே போய்விட்டார், ஆகவே இங்கிலாந்திலிருந்து வரும் புத்தம்புதிய பேட்ஜையும் பழசு என்று தலையில் கட்ட வழி பிறந்திருக்கிறது.

மிகவும் கஷ்டமானது மறு அச்சு. பழைய எஃகு அச்சு எப்படியோ யார் கைக்கோ போய், அதே அச்சில் இப்போது அடித்தது. அளவும் சரி, கூர்மையும் சரி. தகட்டின் கனம், வளையம், பற்றவைப்பு இவைதான் காட்டிக்கொடுக்கும், அதுவும் பக்கத்தில் உறுதியான அசல் ஒன்று இருந்தால்தான். கோலாலம்பூரில் ஜாலான் பெர்டானாவில் இருக்கிற போலீஸ் மியூசியத்துக்குப் போய் மணிக்கணக்காக நின்றிருக்கிறேன். நல்ல இடம், ஆனால் நம் பிரச்சினைக்கு உதவி பாதிதான், கண்ணாடிக்குள் எல்லாம் முகத்தைக் காட்டிக்கொண்டிருக்கும், நமக்கு வேண்டியது முதுகு.

இப்போதைய போலீஸ் பேட்ஜைச் சேர்க்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: நான் தொடுவதில்லை. ஏமாற்றும் நோக்கில் அரசு ஊழியரின் அடையாளத்தை அணிவதும் வைத்திருப்பதும் மலேசியத் தண்டனைச் சட்டம் 171-ஆம் பிரிவில் குற்றம், நம் நோக்கம் என்ன என்று ரோட்பிளாக்கில் நின்று விளக்கிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை.

சரி, அந்த 150 வெள்ளிக்கு வருகிறேன். என் பேட்ஜில் கிரீடத்துக்கு இடப்பக்கம் பிறை மாதிரி ஒரு சின்ன வெட்டுக்காயம். சிப்பாய் எங்கேயோ விழுந்திருப்பார் என்று முதலில் உருகியிருந்தேன். மூன்று மாதம் கழித்து அதே கடைக்குப் போனேன், கண்ணாடிப் பெட்டியில் இன்னொன்று இருந்தது. வாங்கிப் பார்த்தேன். இடப்பக்கம், அதே இடம், அதே பிறை.

"அண்ணே, இதுவும் மாமனாரோடதா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது சின்ன மாமனாரு, தம்பி" என்றார்.