அப்பாவுக்குக் காதுக் கருவி பார்த்தபோது

அப்பா குளச்சலில் பல வருடம் எஞ்சின் வள்ளத்தில் போனவர். அவுட்போர்டு எஞ்சினுக்குப் பக்கத்தில்தான் அவர் இடம். ஊரில் இருந்தவரை காது மந்தமானது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. கடற்கரையில் எல்லோருமே உரக்கத்தான் பேசுவோம். டல்லாஸுக்கு வந்து எங்களோடு குடியேறிய பிறகுதான் தெரிந்தது. பேரப்பிள்ளைகள் எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினார். அதைப் பார்த்து எனக்கு மனசு கேட்கவில்லை.

புதிதாக கிரீன் கார்டில் வருகிற பெற்றோர் 65 வயது தாண்டியிருந்தாலும், காசு கட்டி மெடிக்கேரில் (முதியோருக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடு) சேரவே இங்கே தொடர்ந்து 5 வருடம் வாழ்ந்திருக்க வேண்டும். சேர்ந்தாலும் சாதாரண மெடிக்கேர் காதுக் கருவிக்குப் பணம் தராது. நிபுணர் பொருத்தித் தரும் கருவி ஒரு ஜோடிக்குச் சில ஆயிரம் டாலர் ஆகிவிடும். 2022 அக்டோபரிலிருந்து மருந்துச் சீட்டு இல்லாமலே கடையில் வாங்கும் கருவிகள் வந்திருப்பது நம்மைப் போன்ற குடும்பங்களுக்குப் பெரிய உதவி. ஆனால் அவை 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, லேசான அல்லது நடுத்தரக் குறைபாட்டுக்கு மட்டும்தான். அமைதியான அறையில் பேசுவதே கேட்கவில்லை, வண்டி வரும் சத்தம்கூடத் தெரியவில்லை என்றால் இவை போதாது. காதில் சீழோ ரத்தமோ வந்தாலும், வலி, தலைசுற்றல் இருந்தாலும், திடீரென்று கேட்காமல் போனாலும், ஒரு காது மட்டும் மோசமாக இருந்தாலும் முதலில் டாக்டரிடம் போங்கள்.

இதெல்லாம் இல்லை என்று தெரிந்தபின் கேள்வி கேட்டுக் கருவி பரிந்துரைக்கும் இணையப் பக்கங்களைத் திறக்கலாம். எங்கே கேட்பது கஷ்டம், என்ன போன், எவ்வளவு செலவழிக்க முடியும் என்று கேட்டுவிட்டு இரண்டு மூன்று மாடல்களைக் காட்டும். நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: பதிலைப் போடுகிறவர் பிள்ளையாக இருந்தாலும், சொல்கிறவர் கருவியை மாட்டப்போகிறவராக இருக்க வேண்டும். ஹோட்டல் இரைச்சலில் கேட்கிறதா என்ற கேள்விக்கு அப்பா சொன்னார்: "நான் எங்க, மக்களே, ஹோட்டலுக்குப் போறேன்? பேரப்பிள்ளைய பேசுறதுதான் வெளங்க மாட்டேங்கு." அதுதான் சரியான பதில். வயதாலும் இரைச்சலாலும் பழுதாகும் காதில் கீச்சுக் குரல்களும் ச, ஸ போன்ற ஒலிகளும்தான் முதலில் தேய்கின்றன. சத்தம் கேட்கும், சொல் விளங்காது.

போன் கேள்வியும் அப்படித்தான். அவருடைய ஆண்ட்ராய்டைத்தான் சொல்ல வேண்டும், என் ஐபோனை அல்ல. ஆப்பிளின் இயர்போனான ஏர்பாட்ஸ் ப்ரோ 2இல் காதுக் கருவி வசதி உண்டு, ஆனால் அதை அமைக்க ஐபோனோ ஐபேடோ வேண்டும். அவர் ஊருக்குப் போய்விட்டால் யார் அமைத்துத் தருவது? போன் செயலி வழியாகத் தானே காதைச் சோதித்து ஒலியைச் சரிசெய்யும் வகை நல்லதுதான், ஆனால் செயலி ஆங்கிலத்தில் பேசும். எந்தப் பக்கமும் மொழியைப் பற்றிக் கேட்கவில்லை. விரல்களைப் பற்றியும் சில பக்கங்களே கேட்கின்றன. வலை இழுத்துத் தடித்த விரல்கள் அப்பாவுக்கு. பயறு அளவு பேட்டரியின் ஒட்டுத்தாளை உரித்து, திசை பார்த்துப் போடுவது அவரால் ஆகாது. அதனால் சார்ஜ் பெட்டியில் வைத்து எடுக்கும் வகை, காதுக்குப் பின்னால் நிற்பது, ஒலியைக் கூட்டக் குறைக்கக் கருவியிலேயே பொத்தான் உள்ளது என்று பார்த்தோம்.

பக்கம் முதலில் காட்டுவதையே வாங்க வேண்டாம். விற்பனையில் கமிஷன் பெறும் பக்கங்களும் உண்டு. திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்பதைப் பெட்டியிலேயே எழுதியிருக்க வேண்டும் என்பது விதி, எடுத்தே ஆக வேண்டும் என்று அமெரிக்க மத்திய அரசின் விதி கிடையாது. அதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பழகச் சில வாரம் ஆகும். முதலில் தட்டு வைக்கிற சத்தம்கூடத் தலைக்குள் இடிக்கும். வீட்டிலேயே தினமும் கொஞ்ச நேரம் போட்டுப் பழகட்டும்.

ஊருக்குக் கொண்டுபோகிறவர்கள் சார்ஜரில் 100-240 வோல்ட் என்று இருக்கிறதா பாருங்கள். குளச்சல் வியர்வைக்கும் உப்புக்காற்றுக்கும் இரவில் ஈரம் உறிஞ்சும் டப்பா அவசியம்.

தக்கலை மாமியும் ஒரு ஜோடி வாங்கி அனுப்பச் சொல்லியிருக்கிறார். முதலில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காதைக் காட்டச் சொன்னேன். டாக்டர் சொல்வதைக் கேட்டுவிட்டு, அந்தக் கேள்விகளை மாமியிடமே போனில் ஒவ்வொன்றாகக் கேட்கப்போகிறேன்.