ஆற்றைப் பிடித்துக்கொண்டு படித்தேன்: இந்திய ஏரிகளும் நீர்த்தேக்கங்களும் தீவுகளும்

குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வுக்கு முதன்முறை படித்தபோது, நீர்த்தேக்கங்களைப் பெயர், அணை, மாநிலம் என்று மூன்று கட்டங்களாகப் பிரித்து எழுதி மனப்பாடம் செய்தேன். மாதிரித் தேர்வொன்றில், மகாராணா பிரதாப் சாகர் எந்த ஆற்றில் உள்ளது என்ற வினாவுக்குச் சற்றும் தயங்காமல் சம்பல் என்று குறித்துவிட்டேன். சம்பலில் இருப்பது ராணா பிரதாப் சாகர்; மகாராணா பிரதாப் சாகரோ இமாசலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றைத் தடுத்துக் கட்டிய போங் அணையின் நீர்த்தேக்கம். என் அட்டவணையில் ஆற்றுக்கு ஒரு கட்டமே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அன்றே அட்டவணையை ஒதுக்கிவிட்டு, வெள்ளைத் தாளில் ஆறுகளை மட்டும் வரையத் தொடங்கினேன். சம்பலை வரைந்து, நீரோட்டத்தின் திசையிலேயே காந்தி சாகர், ராணா பிரதாப் சாகர், ஜவாஹர் சாகர், கோட்டா தடுப்பணை என வரிசையாகக் குறித்த பிறகு, அவற்றின் வரிசை எனக்கு மறக்கவே இல்லை. சட்லெஜில் பக்ரா அணையின் கோவிந்த் சாகரும், சோன் ஆற்றின் துணையாறான ரிஹந்தில் கோவிந்த் வல்லப பந்த் சாகரும் தனித்தனி இடங்களில் அமர்ந்துகொண்டன. முன்னது குரு கோவிந்த் சிங்கின் பெயரையும், பின்னது உத்தரப் பிரதேசத்தின் முதல் முதலமைச்சரின் பெயரையும் தாங்கியவை என்று அறிந்தபின் அந்தக் குழப்பமும் தீர்ந்தது.

இயற்கை ஏரிகளுக்கு வேறொரு கேள்வி உதவியது: இந்த நீர் இங்கே எப்படித் தங்கியது? மகாராஷ்டிரத்தின் லோனாரில் பசால்ட் என்னும் எரிமலைப் பாறையின்மீது விண்கல் மோதிய பள்ளத்தில் தங்கியது. ராஜஸ்தானின் சாம்பாரிலும் ஒடிசாவின் சிலிகாவிலும் நீர் உவர்ப்புடையதே என்றாலும் காரணங்கள் வேறு. சாம்பாரில் வந்து சேரும் ஓடைகளுக்கு வெளியேற வழியில்லாததால், நீர் ஆவியாகி உப்பு எஞ்சுகிறது. சிலிகாவிலோ மகாநதியின் கிளைகள் கொண்டுவரும் நன்னீரோடு, முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் கலக்கிறது. அந்த முகத்துவாரம் வண்டல் படிந்து தூர்ந்துபோனதால் உவர்ப்புக் குறைந்து, மீன்வளமும் நலிந்தது. 2000ஆம் ஆண்டில் கடலுக்குப் புதிய வாய் திறக்கப்பட்டபின் அது மீண்டது. ஈரநிலங்களைக் காப்பதற்கான பன்னாட்டு ராம்சார் உடன்படிக்கையின்கீழ் ஆபத்திலுள்ள ஈரநிலங்களைக் காட்டும் மான்ட்ரூ பதிவேட்டிலிருந்து 2002இல் சிலிகா நீக்கப்பட்டதற்கு இதுவே பின்னணி. இந்தக் கதையைத் தெரிந்துகொண்டால் சிலிகா பற்றிய நான்கைந்து வினாக்களுக்கு ஒருசேர விடை கிடைத்துவிடும் என்பதால், இதற்கு நான் ஒரு மாலைப்பொழுது முழுவதையும் செலவிட்டேன், அது வீணாகவில்லை. மணிப்பூரின் லோக்டாக் ஏரியில் தாவரங்களும் மண்ணும் பின்னி மிதக்கும் பும்டித் திட்டுகளையும், அவற்றின்மேல் வாழும் சங்காய் மானையும் படங்களில் ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும்.

தீவுகளில் தேர்வர்கள் இடறுவது கால்வாய்களில்தான். அந்தமானை நிக்கோபாரிலிருந்து பிரிப்பது பத்து பாகைக் கால்வாய். அதன் வடகரையில் சிறிய அந்தமானும் தென்கரையில் கார் நிக்கோபாரும் உள்ளன. டங்கன் நீரிணை அதற்கும் வடக்கே, தெற்கு அந்தமானுக்கும் சிறிய அந்தமானுக்கும் நடுவே இருக்கிறது. இலட்சத்தீவுப் பக்கத்தில் மினிக்காயை நடுவில் ஒரு புள்ளியாக வைத்து, மேலே 9 என்றும் கீழே 8 என்றும் எழுதுங்கள். ஒன்பது பாகைக் கால்வாய்க்கு வடக்கே இலட்சத்தீவின் மற்றத் தீவுகளும், எட்டு பாகைக் கால்வாய்க்குத் தெற்கே மாலத்தீவும் வரும்.