அம்மா கடைசிவரை அந்த வீட்டில் இருக்க

அப்பாவுக்கு எண்பது நெருங்குகிறது. வீடும் அதையொட்டிய ரப்பர் விளையும் (தோட்டம்) அவர் உழைத்து வாங்கியவை. அண்ணன் ஷார்ஜாவில், மகளான நான் தக்கலையில். "எனக்குப் பிறகு உங்க அம்மாவை யாரும் இந்த வீட்டை விட்டு இறக்கக் கூடாது. அதுக்கு என்ன எழுதணுமோ எழுதுவோம்" என்றார் அப்பா. அவர் கேட்டது அது ஒன்றுதான்.

சொந்தக்காரர்கள் பலரும் சொன்ன யோசனை, "இப்பவே பிள்ளைங்க பேருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிருங்க, பின்னால வம்பே இல்ல." அதாவது, உயிரோடு இருக்கும்போதே சொத்தைத் தானமாக எழுதிக் கொடுப்பது. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. செட்டில்மெண்ட் பதிவானதும் சொத்து கைமாறிவிடும். பிறகு மனம் மாறினாலும் எழுதிக் கொடுத்தவர் தானாக ரத்து செய்ய முடியாது. கவனித்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையோடு கொடுத்ததை, கவனிக்காவிட்டால் திரும்பப் பெற 2007-ம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு வழி செய்கிறது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் நாகர்கோவில், பத்மநாபபுரம் வருவாய்க் கோட்ட அலுவலகங்களில் மனு கொடுக்கலாம். ஆனால் அந்த நிபந்தனை பத்திரத்திலேயே தெளிவாக இல்லாவிட்டால் வழக்கு இழுக்கும். வயதான காலத்தில் அவர்களை ஏன் அந்த அலைச்சலுக்கு விட வேண்டும்? இருக்கும்வரை சொத்து அவர்கள் பேரிலேயே இருக்கட்டும். உயில் என்றால் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசியாக எழுதியதுதான் செல்லும்.

பத்மநாபபுரம் கோர்ட்டில் பிராக்டிஸ் செய்யும் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தோம். கிறிஸ்தவர்களான எங்களுக்கு 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் இல்லாவிட்டால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்குதான், மீதி பிள்ளைகளுக்குச் சமமாகப் போகும். அதாவது அம்மா தன் வீட்டிலேயே பங்காளி ஆகிவிடுவார். அப்பாவுக்கு இது பெரிய அதிர்ச்சி.

எங்கள் பகுதி முன்பு திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அந்தப் பழைய திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டத்தில் மகளுக்குக் கிடைத்தது மகன் பங்கில் கால்வாசி அல்லது 5000 ரூபாய், எது குறைவோ அது. அந்தச் சட்டம் இனி இல்லை என்று 1986-ல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் "நகை போட்டு அனுப்பியாச்சே" என்று இன்றும் பேசுகிறார்கள். அப்பா அப்படிப் பேசவில்லை, அதில் எனக்குப் பெருமை உண்டு. அம்மாவின் ஆயுள்வரை வீடும் விளை வருமானமும் அவருக்கு, அதன்பின் எங்கள் இருவருக்கும் சரிபாதி என்று முடிவானது. அண்ணனும் போனிலேயே சரி என்றான்.

அப்புறம்தான் பத்திரப் பாடு. தாய்ப் பத்திரம், அதாவது சொத்தின் பழைய மூலப் பத்திரம், திருவிதாங்கூர் காலத்தது. மலையாள எழுத்து, கொல்லம் ஆண்டுத் (மலையாள நாட்காட்டி) தேதி. அதிலுள்ள சர்வே எண் வேறு, இன்றைய பட்டாவில் உள்ளது வேறு. அதைப் படிக்கத் தெரிந்த பழைய ஆவண எழுத்தர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். தேடிப் பிடித்து, இரண்டு எண்களையும் ஒப்பிட்டு, உயிலில் நான்கெல்லையோடு எழுதினோம். உங்கள் வீட்டிலும் இப்படிப் பத்திரம் இருந்தால், பெரியவர்கள் விவரம் சொல்லும் நிலையில் இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள்.

சாட்சிக் கையெழுத்துக்கு மருமகனையே போடலாம் என்று அப்பா நினைத்திருந்தார். வக்கீலம்மா உடனே தடுத்தார். எங்களுக்குப் பொருந்தும் சட்டத்தின் 67-வது பிரிவுப்படி, சாட்சிக்கோ சாட்சியின் கணவன் மனைவிக்கோ உயிலில் எழுதிய சொத்து செல்லாது. என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டிருந்தால் என் பங்கு போயிருக்கும். பக்கத்து வீட்டு ஆசிரியர்கள் இருவர் சாட்சியாக வந்தார்கள்.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. ஆனாலும் பதிந்தோம். அப்பா தெளிவான மனநிலையில் இருக்கிறார் என்று ஒரு டாக்டர் சான்றும் வாங்கி வைத்தோம். சட்டம் கேட்கவில்லை, நாளை யாராவது கேட்டால் இருக்கட்டும் என்றுதான். நடக்க முடியாதவர்களுக்குச் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதியவும் சட்டத்தில் இடமுண்டு.

அப்பா இன்னொன்றும் எழுதினார். மீளவே முடியாத நிலை வந்தால் வெறும் கருவிகளால் உயிரை நீட்டிக்க வேண்டாம் என்ற முன்விருப்ப ஆவணம். 2018-ல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது. 2023-ல் நடைமுறையை எளிதாக்கியதால் இரண்டு சாட்சிகளும் நோட்டரியும் போதும். அம்மா அழுதார், ஆனால் தடுக்கவில்லை.

உயிலின் அசல் வீட்டு அலமாரியில் இருக்கிறது, நகல் அண்ணனிடம். அம்மா பேரில் உள்ள பத்து சென்டுக்கான உயில்தான் அடுத்தது.