முதல் வரிசைக்காரர்கள்

நவம்பர் 2, 2021

கொரோனா தடுப்பூசிக்கு முதலில் வந்து நின்றவர்களைத் துணிச்சல்காரர்கள் என்று எல்லோரும் மெச்சுகிறார்கள். எனக்கு அதில் அரை நம்பிக்கைதான். கடந்த டிசம்பர் 8 அன்று, பரிசோதனைகளுக்கு வெளியே ஃபைசர் தடுப்பூசியை உலகிலேயே முதலில் போட்டுக்கொண்டவர் இங்கிலாந்தின் மார்கரெட் கீனன், வயது 90. பிறந்தநாளுக்கு முன்பே கிடைத்த பரிசு இது என்றார். ஆண்டின் பெரும்பகுதி தனியாகவே கழிந்துவிட்டது, இனி குடும்பத்தாரோடு இருக்கலாம் என்றார். அடைபட்டுக் கிடந்த ஒருவரின் பேச்சு அது.

நவம்பர் 4

அக்காவும் முதல் வாய்ப்பிலேயே போட்டுக்கொண்டவள். ஏன் அத்தனை அவசரம் என்று கேட்டேன்.

"எனக்கு வந்து, என்னிடமிருந்து அம்மாவுக்குப் போயிருந்தால்? அன்றே போட்டிருக்கலாமே என்று ஆயுளுக்கும் நெஞ்சு அறுத்துக்கொண்டே இருக்கும்."

ஊசிக்குப் பிறகு உட்காரவைத்த 15 நிமிடமும் கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாளாம். துணிச்சல்காரி! இன்னும் நடக்காததற்கு இன்றே வருந்திப் பார்க்கும் இந்த மனநிலை, தடுப்பூசி பற்றிய உளவியல் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது.

நவம்பர் 5

வேடிக்கை என்னவென்றால், அத்தானைத் தடுத்து வைத்திருப்பதும் அதே வருத்தம்தான். "சும்மா இருக்கிற உடம்பில் நாமே ஏன் வினையை ஏற்றிக்கொள்ள வேண்டும்?" என்கிறார்.

1990இல் உளவியல் ஆய்வாளர்கள் இலானா ரிடோவும் ஜொனாதன் பேரனும் இதைச் சோதித்தார்கள். ஒரு கற்பனை நோய், அதற்கு ஒரு கற்பனைத் தடுப்பூசி. நோயால் சாகும் குழந்தைகளைவிட ஊசியால் சாகக்கூடியவர்கள் குறைவு என்று சொன்ன பிறகும் பலர் தயங்கினார்கள். செய்து கெட்டது உறுத்துகிற அளவுக்குச் செய்யாமல் கெட்டது உறுத்துவதில்லை போலும்.

பெஞ்சமின் பிராங்க்ளினுக்கு உறுத்தியது. 1736இல் அவருடைய நான்கு வயது மகன் பெரியம்மையில் இறந்தான். அவனுக்கு அம்மை குத்தாமல் விட்டதற்காக நெடுங்காலம் வருந்தியதாகத் தன்வரலாற்றில் எழுதினார். எந்தப் பக்கம் தவறினாலும் வருத்தம் ஒன்றுதான், ஆகவே ஆபத்து குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள் என்பது பெற்றோருக்கு அவர் சொன்ன கணக்கு. அக்கா அவரைப் படித்ததில்லை. தானாகவே அந்தக் கணக்குக்கு வந்திருக்கிறாள்.

நவம்பர் 9

1954, அமெரிக்கா. சால்க்கின் போலியோ தடுப்பூசி பலன் தருமா என்றே உறுதியாகத் தெரியாத நேரம். அந்தச் சோதனையில் சுமார் 18 லட்சம் குழந்தைகள் பங்கேற்றார்கள். 1952இல் மட்டும் ஏறக்குறைய 58,000 பேரைப் போலியோ தாக்கியிருந்ததால் பெற்றோரின் பயம் புரிகிறது. ஆனால் என் கண்ணில் பட்டது அந்தப் படிவம். சம்மதம் தருகிறேன் என்று எழுதி வாங்காமல், என் பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று வேண்டுகிற படிவத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு 'முன்னோடி' என்று பேட்ஜ் வேறு. யாரோ மனிதர்களை நன்றாகவே படித்திருக்கிறார்கள்!

நவம்பர் 10

அதே சூட்சுமம் குறுஞ்செய்தியிலும் வேலை செய்திருக்கிறது. ஃப்ளூ தடுப்பூசிக்காக, மனித நடத்தையை ஆராயும் கேத்தரின் மில்க்மேன் குழுவினர் பலவகைச் செய்திகளை அனுப்பிப் பார்த்ததில், 'உங்களுக்காக ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது' என்ற வகைச் செய்தியே முந்தியது. நம் பங்கு என்ற உரிமை பாதி, கைநழுவிவிடுமோ என்ற பதைப்பு பாதி.

அத்தானிடம் இதைச் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "எனக்கு யாரும் ஒதுக்கி வைத்ததாகத் தெரியவில்லையே" என்றார்.